உள்ளே யாரு

ஐஸ் ரூம் கதவைச் சாத்துகிறவர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் சாத்த வேண்டும். ஐஸ் கம்பெனி முதலாளி காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. கொக்கியும் சாக்குமாக ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு மஞ்சள் பல்பு. ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஐஸ் பார்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார், யார் குனிந்திருக்கிறார் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே கதவுக்காரர் தலையை உள்ளே நீட்டி, "உள்ளே யாரு?" என்று குரல் கொடுப்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடி. மூன்றாவது தடவையும் சத்தமில்லை என்றால்தான் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளுவார். உமியும் தகரமும் வைத்து அடைத்த கனத்த கதவு. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் பின்னாலிருக்கிற லைன் வீடுகள் அத்தனைக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் பெண்கள் அடுப்பு பற்ற வைப்பார்கள்.

அந்தக் கதவுக்காரரின் மனைவிக்குத் தூளக்கா என்று பெயர். வெளியூருக்குப் போகிற ஐஸ் பார்களை மரத்தூளில் புரட்டி, சாக்கில் வைத்துத் தைப்பது அவள் வேலை. தலைமயிரில், காதில், புருவத்தில் எந்நேரமும் தூள் ஒட்டியிருக்கும். "குளிச்சாலும் போகாது, செத்தாலும் போகாது, என்னை எரிச்சா சீக்கிரம் பிடிச்சுக்கும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மகளின் முதல் பிரசவத்துக்குப் போயிருந்தவள், பேரனின் தொப்புள் விழுந்ததும் கிளம்பி வந்தாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஒரே நினைப்புதான். பிள்ளையின் காது தம்பியின் காது. அதே விறைத்த காது, காற்றில் முன்னே போகிற மாதிரி. "உன் காதை அவனுக்குக் கொடுத்துட்டியேடா பாவி" என்று தம்பியைச் சீண்ட வேண்டும். அவன் என்ன பதில் சொல்வான் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

தெருமுனையில், ஐஸ் இழுக்கிற கொக்கிக்காரன் பெண்டாட்டி எதிரே வந்தாள். பையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அக்கா, உன் தம்பி ஒத்தக்கை போயிட்டான். அவனா உள்ளே போனான். கதவு தானா விழுந்துச்சு."

எப்போது என்று கேட்டாள் தூளக்கா. போன வாரம் என்றாள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அதற்குக் கொக்கிக்காரன் பெண்டாட்டி சுடுகாட்டுப் பக்கம் பார்த்தாள். எரித்து முடித்தாயிற்று என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

தூளக்கா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், தூரத்து உறவு வந்து முகம் பார்க்கிற வரைக்கும் பிணத்தை வைக்க ஐஸ் கொடுக்கிற இடம் இது. எத்தனையோ பிணங்களுக்கு அவளே சாக்கு தைத்து அனுப்பியிருக்கிறாள். தன் தம்பியை மட்டும் தனக்காக ஏன் வைக்கவில்லை?

*

ஒத்தக்கை என்ற பெயரைக் கேட்டுவிட்டு, புதிதாக வரும் லாரிக்காரர்கள் அவனுடைய இன்னொரு கையைத் தேடுவார்கள். இரண்டு கையும் ஒழுங்காகத்தான் இருந்தன. பெயர் வந்தது கூட்டத்தில்.

முதலாளி ஒருநாள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. மிஷினை நிறுத்தினால் தொட்டியில் உப்புத்தண்ணீர் கெட்டுவிடும், குழாய் துருப்பிடித்துவிடும். ஆட்களே ஓட்டினார்கள். முன்முற்றத்தில் கூடுவது, விஷயத்தைச் சொல்வது, கை தூக்குவது. எந்தப் பக்கம் கை அதிகமோ அதுதான் முடிவு. ஒருத்தர் சொல்லி எல்லாரும் செய்த இடத்தில், எல்லாரும் சொல்லி எல்லாரும் செய்தார்கள். கம்ப்ரசர் பார்க்கிற மிஷின்காரர் கூட்டத்தை நடத்துவார். மெதுவாகப் பேசுகிறவர், யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று கை தூக்கியது அந்த முற்றத்தில்தான். ஒழுகுகிற கூரையை மாற்றியதும் அப்படித்தான். முதல் தடவை கை தூக்கிய அன்று தூளக்கா வீட்டுக்கு வந்து தன் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி ஒரு காரியம் நடந்தது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

கை தூக்கிப் பழகிவிட்டால் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. மிஷின் சங்கதி முடிந்ததும் லைன் வீடுகளின் சங்கதி வந்தது. யார் வீட்டு ரேடியோ எப்போது நிற்க வேண்டும், எந்தக் கடையில் சாமான் வாங்கக் கூடாது என்பதில் ஆரம்பித்து, சாக்கு மடிக்கிற பெண் லாரி டிரைவரோடு நின்று பேசலாமா கூடாதா என்பது வரைக்கும் போயிற்று. முதலாளியின் பழைய கணக்குப்பிள்ளை போக்கிடம் இல்லாமல் தெருக்கோடி வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது என்று கை தூக்கினார்கள். இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் ஒரே ஒரு கை எழும்பும். அது அவளுடைய தம்பியின் கை.

ஒருநாள் அவன் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது தூளக்கா கேட்டே விட்டாள்.

"ஏன்டா, ஊரு ஒரு பக்கம்னா நீ ஒரு பக்கமா? இத்தனை பேர் சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

"இத்தனை பேர் சொன்னா பலமா இருக்கும்க்கா. சரியா இருக்குமாங்கறது வேற கதை."

"அப்போ முடிவுக்குக் கட்டுப்பட மாட்டே?"

"மிஷினை எப்ப நிறுத்தணும்னு கை தூக்குங்க, கட்டுப்படறேன். எத்தனை கேன் தண்ணி ஊத்தணும்னு தூக்குங்க, கட்டுப்படறேன். அந்தப் பொண்ணு யாரைப் பார்த்துச் சிரிக்கணும்னு தூக்கறதுக்கு நீ யாரு, நான் யாரு? முதலாளி ஒருத்தன் மூக்கை நுழைச்சான்னுதானே அவனைத் திட்டினோம்? இப்ப ஊரு மூக்கு மொத்தமும் உள்ளே இருக்கு."

"உன்கூடப் பேசி ஜெயிக்க முடியுமா" என்று அவள் இன்னொரு ரொட்டியை வைத்தாள். தம்பி பேசுவது அவளுக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக அவன் பக்கம் கை தூக்கினாளா என்றால், இல்லை. தெருவில் நாளைக்கு எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டுமே.

ஐஸ் ரூம் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து போயிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று ஒத்தக்கை கூட்டத்தில் சொன்னான். அதே வாரம் முற்றத்துக்கு ஒலிபெருக்கி வாங்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். ஒலிபெருக்கிக்குத்தான் கை எழுந்தது. "மூணு தடவை கூப்பிட்டுத்தானே சாத்தறோம், உள்பக்கக் கைப்பிடி எதுக்கு?" என்று கேட்டார் மிஷின்காரர். கேட்டதில் தப்பும் இல்லை.

இன்னொரு கூட்டத்தில், முடிவை மீறுகிறவர்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "ஒரு டீ குடிக்கிற நேரம் ஐஸ் ரூம்ல நிக்க வைப்போம், சூடு தணியும்" என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். முற்றமே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகக் கைகளும் எழுந்தன. அன்று சிரித்துக்கொண்டே கை தூக்கினவர்களில் தூளக்காவும் ஒருத்தி.

*

கணவர் வீட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். பேரனைப் பற்றிக் கேட்கவில்லை.

"என்னங்க ஆச்சு அவனுக்கு?"

"அவனா உள்ளே போனான். கதவு தானா விழுந்துச்சு."

கொக்கிக்காரன் பெண்டாட்டி சொன்ன அதே சொற்கள், அதே வரிசையில். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு சாவைப் பத்துப் பேர் சொன்னால் பத்துக் கதை இருக்கும். ஒருத்தர் கடைசியாக என்ன தின்றான் என்பார், ஒருத்தர் நான் அப்பவே சொன்னேன் என்பார். இந்தச் சாவுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி அது ஒவ்வொருத்தர் வாயிலும் கொஞ்சம் தொளதொளத்தது.

வீட்டில் இன்னொரு மாற்றத்தையும் அவள் கண்டாள். கணவர் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. வாசல் கதவு, புழக்கடைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. அவள் சாத்தினால் சத்தம் போடாமல் போய்த் திறந்துவிட்டு வருவார். மழைக்காலம். சாரல் உள்ளே அடித்துப் படுக்கை நனைந்தது. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்தே வைத்துக் குளித்தார். வெட்கம் கெட்ட மனுஷன் என்று வேறொரு சமயமாக இருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது அவளே ஒரு சாக்கை எடுத்து அந்த வாசலில் தொங்கவிட்டாள்.

வேலைக்குப் போனாள். போகாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கொட்டகையில் உட்கார்ந்து முதல் ஐஸ் பாரைத் தூளில் புரட்டியதுமே கை சொல்லிவிட்டது. ஓரங்கள் கூராக இல்லை. சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. அடுத்ததும் அப்படித்தான். ஐஸ் ரூமில் குளிர் நிற்கவில்லை என்றால் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்று அர்த்தம்.

தூக்கிக்கொண்டு வந்த கொக்கிக்காரனிடம் கேட்டாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"கூப்பிடறாருக்கா. மூணு தடவை கூப்பிடறாரு. அப்புறம் காதை வச்சுக் கேட்டுக்கிட்டே நிக்கறாரு. சாத்தறதே இல்லை. நாங்க போய்த் தள்ளினா கையைப் பிடிச்சுக்கறாரு. உள்ளே ஆள் இருக்குங்கறாரு."

"நீ கேட்டியா?"

"நானா?" என்று அவன் கொக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். "எனக்கு என்ன கேக்கப் போகுது. காத்து அடிச்சா குழாய் முனகும். நான் இப்பல்லாம் உள்ளே போறப்ப பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் போறேன்."

போகிறபோது திரும்பி நின்று, நாளைக்குக் கூட்டம் இருக்கிறது என்றான். இனிமேல் கதவில் கூப்பிடும் வழக்கமே வேண்டாம் என்று எடுக்கப் போகிறார்களாம். கூப்பிட்டால்தானே பதில் கேட்கும்.

தூளக்கா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு யோசித்தாள். அவள் கணவர் கூப்பிடாமல் கதவைச் சாத்தியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தூக்கத்தில் கூப்பிட்டவர். அப்படியென்றால் அன்றைக்கு அவர் கூப்பிடாமல் சாத்தியிருக்க வேண்டும், அல்லது தம்பி பதில் சொல்லியும் சாத்தியிருக்க வேண்டும். கதவு தானாக விழுமா? தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் அசைகிற கதவு அது. அவளுக்கு மூன்றாவது வழி எதுவும் தெரியவில்லை.

*

அந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடு ஒன்றுதான் மிச்சம். தெருக்கோடியில் கணக்குப்பிள்ளையின் வீடு. அவள் பட்டப்பகலில் போய்க் கதவைத் தட்டினாள்.

கணக்குப்பிள்ளை கஞ்சிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார். சில நாளாக யாரோடும் பேசாத தொண்டை. முதல் சொல் வெளியே வருவதற்குள் நான்கு தடவை செருமினார்.

"என்கிட்டப் பேசினா உனக்கும் தண்டனைம்மா. போயிடு."

"கொடுக்கட்டும். என் தம்பிக்கு என்ன ஆச்சு?"

அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என் வீட்டம்மா செத்துப்போச்சு. தெரியுமா உனக்கு? தெரிஞ்சிருக்காது, யாரு சொல்லப் போறா. மகன் தூர தேசத்துல இருந்து வரணும். அன்னைக்குப் பார்த்து அப்படி ஒரு வெக்கை. ஐஸ் கேட்டு வாசல்ல போய் நின்னேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. நான் நிக்கிற இடத்தில காத்து இருக்கற மாதிரி அப்படியே தாண்டிப் போனாங்க. உன் தம்பிதான் ஒரு பாரைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தான். மறைச்சு எடுத்துட்டு வரலை. நடுத்தெருவில, எல்லாரும் பார்க்க வந்தான். ‘செத்தவங்களுக்கு ஐஸ் உண்டா இல்லையான்னு யாரும் கை தூக்க முடியாது’ன்னு வாசல்ல நின்னு சத்தமாவே சொன்னான். என் மகன் வந்து பார்த்தப்ப அவங்க அம்மா முகம் தூங்கற மாதிரியே இருந்துச்சு."

"அப்புறம்?"

"மறுநாள் கூட்டம் போட்டாங்க. எனக்குக் கூட்டத்தில இடம் ஏது. இந்த ஜன்னல்ல இருந்து பார்த்தேன். கை தூக்கினாங்க."

"எத்தனை கை?"

"எண்ணலைம்மா. கைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியலை." அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஐஸ் ரூமுக்கு அவனே நடந்துதான் போனான். சிரிச்சுக்கிட்டே போன மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்தில அந்த வாடை வந்துச்சு. அமோனியாக் குழாய் எங்கேயோ பிச்சுக்கிச்சு. எல்லாரும் ஓடினாங்க. நானும்தான் ஓடினேன்."

உலை பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

*

சாயங்காலம் கணவர் வந்து, திறந்த வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். தூளக்கா கஞ்சியை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். மழை பிடித்திருந்தது.

"கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க அன்னைக்குக் கூப்பிட்டீங்களா?"

"ம்."

"அவன் பதில் சொன்னானா?"

அவர் கஞ்சியில் விரலை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"சொன்னான்" என்றார். "பழக்க தோஷம். ஆள் உள்ளே இருக்கான்னு தெரிஞ்சும் வாய் தானாக் கூப்பிட்டிடுச்சு. ‘நான்தான் மாமா, வேற யாரு’ன்னு சிரிச்சான். இவ்வளவு வருஷமா கதவுல நிக்கிறேன். பதில் வந்த பிறகு சாத்தினது அதுதான் முதல் தடவை. ‘சாத்துங்க மாமா, உங்க டீயை ஆறவிடாதீங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பத்ரகாளி ஆயிடும்’னான்."

தூளக்காவுக்கு அந்தக் குரல் காதில் விழுந்தது. அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள்.

"நீங்களும் கை தூக்கினீங்களா?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"உங்களைக் கேட்டேன்."

"எல்லாரும்னா நானும்தானே."

வெளியே தண்ணீர் கூரையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தானாகவே பேசினார்.

"வாடை வந்ததும் ஓடினோம். ஈரத்துணியை மூஞ்சியில கட்டிக்கிட்டு எல்லாரும் மெயின் ரோட்டுல நின்னோம். உள்ளே ஆள் இருக்குன்னு சொன்னேன். மிஷின்காரர்கிட்டச் சொன்னேன், அவரும் திரும்பிப் போகணும்னுதான் பார்த்தாரு. போனா போறவன் செத்துடுவான்னு நாலு பேர் சொன்னாங்க. வாடை அடங்கட்டும்னு சொன்னாங்க. சரி, கேட்டுடுவோம்னாரு."

"என்னத்தைக் கேட்டாரு?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"ரோட்டுல வச்சும் கை தூக்கினீங்களா?"

"ஒருத்தனுக்காகப் பல உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்னு. அதுக்கு நான் தூக்கலை. சத்தியமாத் தூக்கலை. ஆனா போகவும் இல்லை. முடிவு ஆயிடுச்சேன்னு நின்னுட்டேன். வாடை அடங்கிக் கதவைத் திறந்தப்ப அவன் உயிர் போயிருந்துச்சு." அவர் குரல் தேய்ந்தது. "அவன் மாதிரி இருந்திருந்தா ஓடியிருப்பேன். எனக்கு ஒத்தையா நிக்கிற பழக்கம் இல்லையே."

"அந்த வாக்கியம்?"

"அதையும் கூட்டத்திலதான் எடுத்தாங்க. நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடணும்னும்."

கணவர் மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். எழுந்து நின்றவளுக்கு முற்றத்தின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம். தன் கையும் அந்தச் சிரிப்பில் மேலே போயிருந்தது. அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவும் பதில் சொல்றானா?" என்று கேட்டாள்.

"தினமும்" என்றார் அவர். "‘நான்தான் மாமா’ன்னு. அவ்வளவுதான். திட்டக்கூட மாட்டேங்கறான்."

*

மறுநாள் மதியம் முற்றத்தில் கூட்டம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஐஸ் ரூம் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து வெண்புகை தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே வந்தது. உருகிய தண்ணீர் வாசல்படி தாண்டி முற்றத்துக் கற்களுக்கிடையே ஓடியது. வந்தவர்கள் அதில் கால் படாமல் தள்ளி நின்றார்கள். ஒலிபெருக்கி தேவையே இல்லை, இருந்தாலும் மிஷின்காரர் அதில்தான் பேசினார்.

"அக்காவோட துக்கம் நம்ம எல்லாருக்கும் துக்கம். அதில ரெண்டு கருத்து இல்லை. ஆனா ஐஸ் உருகுது. இப்படியே போனா மிஷினை நிறுத்தணும், எல்லார் அடுப்பும் அணையும். கதவுக்காரர் மனசு சரியில்லை. அவர் ஓய்வு எடுத்துக்கட்டும். இனிமே கதவுல கூப்பிட வேண்டாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. உள்ளே யாரும் இல்லை, எந்தக் குரலும் கேக்கலைன்னு நாம எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவா எடுத்துட்டா, அவருக்கும் நிம்மதி. யாராவது பேசறீங்களா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பிறகு ஒத்தக்கை பேசுவான். எல்லாரும் பழக்கத்தில் அவன் நிற்கிற தூண் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையை எடுத்தார்கள்.

தூளக்கா எழுந்தாள். முற்றத்தைத் தாண்டி, ஓடுகிற தண்ணீரில் கால் வைத்து, ஐஸ் ரூமுக்குள் போனாள்.

குளிர் முதலில் பல்லில் ஏறியது. மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு மெல்லத் தெரிந்தது. கதவின் உள்பக்கம் கைப்பிடி உடைந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள். அடுக்குகளுக்குப் பின்னால், பின்சுவர் மூலையில், சாக்குகள் குவிந்து கிடந்தன. அவள் தைத்த சாக்குகள். அவளுடைய தையல் அவளுக்குத் தெரியாதா. ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவில் ஓர் ஆள் முடங்குகிற அளவுக்குப் பள்ளம். மேலே போர்த்திக்கொள்ள இரண்டு. பள்ளத்தில் மரத்தூள் அள்ளிப் போட்டிருந்தது. இதை எடுத்துப் போட யாருக்கும் தைரியம் வரவில்லை. அக்காவின் தூளுக்குள் போய்ப் படுத்திருக்கிறான், என் பிள்ளை.

அவள் அழுதாள். அந்த அழுகை வெளியே கேட்டதா என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் படுத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அக்கா, வெளியே வாங்க" என்றது ஒலிபெருக்கி. "உடம்புக்கு ஆகாது."

"இருக்கட்டும்" என்று உள்ளிருந்து சொன்னாள். "உள்ளே யாரும் இல்லைன்னுதானே முடிவு எடுக்கப் போறீங்க? எடுங்க. எடுத்துட்டுக் கதவைச் சாத்துங்க."

"அக்கா, இது நியாயமா?"

"நியாயமான்னும் கை தூக்கிப் பாருங்க."

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவள் நின்ற இடத்திலிருந்து வாசல் ஒரு வெளிச்சச் சதுரமாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றவர்களுக்கு முகமே இல்லை. தலைகளும் தோள்களும் மட்டும் கறுப்பாக. தினமும் பேசிச் சிரிக்கிற ஜனங்கள்தான், ஆனால் இது கொக்கிக்காரன், இது அவன் பெண்டாட்டி என்று ஒருத்தரையும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தம்பி கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோதும் இப்படித்தான் தெரிந்திருக்கும். அங்கங்கே சில கைகள் இடுப்பு உயரத்துக்கு எழுந்து, மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் நின்றன. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. சாத்தினாலும் சாத்திவிடுவார்கள்.

கதவருகே கணவரின் உருவம் வந்து நின்றது. அவரை மட்டும் தெரிந்தது, வளைந்த தோளை வைத்து. தலையை உள்ளே நீட்டினார்.

"உள்ளே யாரு?"

"நான்தான்" என்றாள்.

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மறுபடி கூப்பிட்டார். "நான்தான்" என்று மறுபடி சொன்னாள். தன் குரலோடு கூட இன்னொரு குரலும் வந்த மாதிரி அவளுக்கு இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பிய அவள் குரலாகவே இருக்கலாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றார். தம்பியின் சாக்குக் குவியலைக் கண்டதும் ஒரு தடவை விக்கினார். தூளக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க மனம் வரவில்லை. தள்ளி நிற்கச் சொல்லவும் இல்லை.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்து உள்ளே கொடுத்த அதே குரலை, உள்ளிருந்து வெளியே கொடுத்தார்.

"வெளியே யாரு?"

முற்றம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பாதியில் நின்ற கைகள் கீழே இறங்கின. மிஷின்காரர் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டு போனார். அதில் அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கதவுக்காரர் கொஞ்சம் பொறுத்தார், வழக்கம்போல.

"வெளியே யாரு?"

நாங்கள் என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார்கள். நான் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. உருகிய தண்ணீர் வாசல்படியைத் தாண்டிப் போய், விலகி நின்றவர்களின் காலையும் தொட்டுவிட்டது. யாரும் காலை நகர்த்தவில்லை.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, கதவுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றார். பக்கத்தில் நின்று தூளக்காவும் கேட்டாள்.